ஜூம்லா 3-லேர்ந்து 4, 5-க்குப் போனதும் சைட் படுத்துடுச்சா? எங்கேர்ந்து பாக்கணும்னு ஒரு வழிகாட்டி

ஜூம்லாங்கறது வெப்சைட் கட்டி நடத்தற ஒரு இலவச சாஃப்ட்வேர், அதுல 3-ஆவது பதிப்புக்கான சப்போர்ட் 2023 ஆகஸ்ட் 17-ஓட முடிஞ்சுடுச்சு. காசு கொடுத்து வாங்குற சப்போர்ட் நீட்டிப்பை விட்டுட்டா கடைசியா வந்தது 3.10.12, அதுக்கப்புறம் செக்யூரிட்டி ஓட்டை எது வந்தாலும் அடைக்க ஆள் கிடையாது. ஆனா சின்னச் சின்ன சைட்டுங்க நிறைய இன்னும் 3-லயே ஓடிட்டு இருக்கு, திடீர்னு ஒருநாள் ஹோஸ்டிங்காரங்க பழைய பிஎச்பியை (ஜூம்லா எழுதப்பட்ட மொழி, சர்வர்ல இருக்கும்) எடுக்கப்போறோம்னு மெயில் போடுவாங்க, உடனே பதறிப்போய் அப்டேட் பட்டனை அமுக்கினா வெள்ளை ஸ்க்ரீன். அப்புறம் எதைத் தொடுறதுன்னே தெரியாம ராத்திரி முழுக்க முழிச்சிட்டு இருக்கணும்.

இந்தக் கட்டுரை முதல் தடவையா இந்த அப்கிரேடைப் பண்றவங்களுக்கு. ஒண்ணை மட்டும் இப்பவே சொல்லிடுறேன்: இந்த மாதிரி அப்கிரேட்ல ஜூம்லாவோட சொந்தக் கோட் உடையறது ரொம்ப அபூர்வம், உடையறது அது மேல நாம ஏத்தி வெச்ச டெம்ப்ளேட், ப்ளகின், மாட்யூல் இதுங்கதான் (எல்லாத்தையும் சேத்து எக்ஸ்டென்ஷன்னு சொல்வாங்க), இல்லாட்டி சர்வர்ல இருக்கற பிஎச்பி. எது உடைஞ்சுதுங்கறது பெரும்பாலும் எரர்லயே எழுதியிருக்கும். புதுசா வர்றவங்க அந்த எரரைப் படிக்காமலே பேக்கப்பைப் போட்டு பழைய இடத்துக்குத் திரும்பிடுறாங்க, அப்புறம் திரும்ப அமுக்குறாங்க, திரும்ப அதே வெள்ளை ஸ்க்ரீன்தான்.

எந்த வரிசைல போகணும்

3-லேர்ந்து நேரா 5-க்குத் தாவ முடியாது. 3.10-ல நிக்கணும், அங்கேர்ந்து 4.4, அங்கேர்ந்து 5.4, வேணும்னா அங்கேர்ந்து 6. ஒவ்வொரு படிலயும் அந்த வரிசையோட கடைசி வெர்ஷன்ல நின்னுட்டுதான் அடுத்ததுக்குப் போகணும். 4-லயே நின்னுடலாமேன்னு நினைக்காதீங்க, அதோட சப்போர்ட்டும் 2025 அக்டோபரோட முடிஞ்சாச்சு.

பிஎச்பி கணக்கு வேற இருக்கு. ஜூம்லா 4-க்கு குறைஞ்சது 7.2.5 வேணும், 5-க்கு 8.1, 6-க்கு 8.3. 5-க்குப் போகணும்னா டேட்டாபேஸும் மைஎஸ்க்யூஎல்னா 8.0.13, மரியாடிபின்னா 10.4 இருக்கணும், ரொம்ப மலிவான ஷேர்டு ஹோஸ்டிங்ல இது இல்லாமப் போக வாய்ப்பு இருக்கு, அதனால முதல்லயே அட்மின்ல சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கத்தைத் திறந்து என்ன நம்பர்னு பாத்துடுங்க. டேட்டாபேஸ் வெர்ஷனை நம்மால மாத்த முடியாது, ஹோஸ்டிங்காரங்கதான் மாத்தணும், அவங்க முடியாதுன்னுட்டா வீடு மாறுறது தவிர வேற வழி இல்ல.

பிஎச்பியையும் ஜூம்லாவையும் ஒரே நேரத்துல ஏத்தவே ஏத்தாதீங்க. 3.10-ல இருக்கும்போதே பிஎச்பியை 7.4-க்குக் கொண்டு வாங்க, சைட் ஓடுதான்னு பாருங்க, அப்புறம் ஜூம்லா 4, திரும்பப் பாருங்க, அப்புறம் பிஎச்பி 8.1 இல்ல 8.2, திரும்பப் பாருங்க, அப்புறம்தான் ஜூம்லா 5. இப்படி ஏன்னா பிஎச்பி 8-ல சில பழைய ஃபங்ஷனையே தூக்கிட்டாங்க, ஈச், கிரியேட்_ஃபங்ஷன் இதெல்லாம் இப்போ கிடையாது, பழைய ப்ளகின் ஒண்ணு அதைக் கூப்பிட்டா மொத்த சைட்டும் நின்னுடும். ரெண்டையும் சேர்த்து ஏத்தியிருந்தீங்கன்னா தப்பு பிஎச்பியால வந்ததா ஜூம்லாவால வந்ததான்னு கண்டுபிடிக்கறதுக்கே பாதி நாள் போயிடும்.

காப்பி எடுத்து, காப்பிலயே பண்ணுங்க

பேக்கப் எடுக்கறதுக்கு அகீபா பேக்கப்ங்கற எக்ஸ்டென்ஷனோட இலவசப் பதிப்பு போதும். ஃபுல் பேக்கப் எடுங்க, அந்த ஃபைலை உங்க கம்ப்யூட்டருக்கு இறக்குங்க (சர்வர்லயே விட்டு வெச்சா அது பேக்கப் இல்ல), அப்புறம் ஒரு சப்டொமைன் போட்டு அதுல கிக்ஸ்டார்ட் (அகீபா பேக்கப்பை விரிக்கற ஃபைல்) வெச்சு விரிச்சுடுங்க. விரிக்கறப்போ டேட்டாபேஸ் பேரு கேக்கும், அங்கதான் கண்ணைத் திறந்து வெச்சுக்கணும், புதுசா ஒரு காலி டேட்டாபேஸ் உண்டாக்கி அதோட பேரைத்தான் குடுக்கணும். லைவ் சைட்டோட டேட்டாபேஸ் பேரையே குடுத்துட்டா நீங்க காப்பியில பண்றதா நினைச்சுக்கிட்டு உண்மையான சைட்டைத்தான் அப்கிரேட் பண்ணிட்டு இருப்பீங்க.

விரிச்சு முடிச்சதும் ரூட் ஃபோல்டர்ல இருக்கற கான்ஃபிகரேஷன்.பிஎச்பியைத் திறந்து டேட்டாபேஸ் பேரு, லாக் பாத், டெம்ப் பாத் மூணும் புது இடத்தைக் காட்டுதான்னு ஒரு தடவை பாருங்க. லைவ் சைட்னு ஒரு வரி இருக்கும், அதுல ஏதாவது முகவரி இருந்தா காலியாக்கிடுங்க, இல்லாட்டி காப்பியில லிங்க் தட்டினா உண்மையான சைட்டுக்கே போய் நிக்கும். குளோபல் கான்ஃபிகரேஷன்ல மெயில் அனுப்பறதை ஆஃப் பண்ணுங்க, டெஸ்ட் பண்றப்போ உறுப்பினர்களுக்கெல்லாம் மெயில் பறந்தா அசிங்கம். சிபேனல்ல (ஹோஸ்டிங்கோட கன்ட்ரோல் பக்கம்) அந்த ஃபோல்டருக்கு ஒரு பாஸ்வேர்டும் போட்டுடுங்க, கூகுள் உள்ள வந்து ரெண்டாவது சைட்டுன்னு எழுதிக்கிட்டுப் போகாம இருக்கும்.

பட்டனை அமுக்கறதுக்கு முன்னாடி

3.10-ல ஜூம்லா அப்டேட் காம்போனென்டோட ஆப்ஷன்ஸ்ல அப்டேட் சேனலை ஜூம்லா நெக்ஸ்ட்னு மாத்தினா ப்ரீ-அப்டேட் செக் வந்து நிக்கும். சர்வர் தகுதியா இருக்கா, எந்த எக்ஸ்டென்ஷனுக்கு அப்டேட் வேணும், எதுக்குத் தகவலே இல்லன்னு பட்டியல் போட்டுக் காட்டும். பச்சையா இருக்கறதைப் பத்திக் கவலை வேண்டாம். அப்டேட் வேணும்னு சொல்றதை எல்லாம் இங்கயே, 3-ல இருக்கும்போதே, ஏத்திடுங்க. தகவல் இல்லன்னு வர்றதுதான் வில்லங்கம், அதுக்கு அர்த்தம் ஓடாதுன்னு இல்ல, அதை எழுதினவங்க அப்டேட் விவரம் எதையும் வெளியிடலங்கறதுதான். ஒவ்வொண்ணா அவங்க பக்கத்துக்குப் போய் 4-க்கு வெர்ஷன் இருக்கான்னு பாக்கணும். எழுதினவரே கடையைச் சாத்திட்டுப் போயிருந்தா, அந்த எக்ஸ்டென்ஷனை இங்கயே அன்இன்ஸ்டால் பண்ணிடுங்க. டிசேபிள் பண்ணி வெச்சா போதாதான்னு கேப்பீங்க, போதும்தான் பல நேரம், ஆனா அதோட டேபிள், அதோட மெனு ஐட்டம் எல்லாம் கூடவே இழுத்துக்கிட்டு வரும், பின்னாடி தலைவலி.

பழைய சைட்டுங்கள்ல யாரும் பயன்படுத்தாத ஸ்லைடர் ஒண்ணு, கவுண்டர் ஒண்ணு, 2014-ல போட்ட ஃபேஸ்புக் லைக் பாக்ஸ் ஒண்ணு கட்டாயம் இருக்கும். இதான் களையெடுக்க நேரம்.

அப்டேட் பாதில நின்னுட்டா

சதவீதம் ஓடிட்டே இருந்து நடுவுல நிக்குதா, இல்ல 0-லயே நிக்குதான்னு பாருங்க. 0-லயே நின்னு ஃபார்பிடன்னு ஏதாவது வந்தா ஏதோ ஒண்ணு வாசல்லயே தடுக்குதுன்னு அர்த்தம், சர்வரோட மாட்செக்யூரிட்டிங்கற பாதுகாப்பு வடிகட்டியா இருக்கலாம், நீங்க போட்ட செக்யூரிட்டி எக்ஸ்டென்ஷன் எச்டிஆக்சஸ்ங்கற சர்வர் விதி ஃபைல்ல எழுதின விதியா இருக்கலாம். எச்டிஆக்சஸ் ஃபைலை கொஞ்ச நேரம் பேரு மாத்தி வெச்சுட்டு அமுக்கிப் பாருங்க. நடுவுல நின்னா முதல்ல டிஸ்க் இடம் இருக்கான்னு சிபேனல்ல பாருங்க, எடுத்த பேக்கப் எல்லாம் சர்வர்லயே குவிஞ்சு கிடந்தா இடம் நிரம்பித்தான் போயிருக்கும்.

அதுவும் சரியா இருந்து திரும்பத் திரும்ப நிக்குதுன்னா கைலயே பண்ணிடலாம். ஜூம்லாவோட டவுன்லோட் பக்கத்துல அப்கிரேட் பேக்கேஜ்னு தனியா ஒரு ஜிப் இருக்கும், புது இன்ஸ்டாலுக்கான ஃபுல் பேக்கேஜை எடுத்துடாதீங்க, அதுல இன்ஸ்டாலேஷன் ஃபோல்டரும் சேந்து வந்துடும். அப்கிரேட் ஜிப்பை ஃபைல் மேனேஜர்ல ரூட்ல ஏத்தி, இருக்கறதுக்கு மேலயே விரிச்சுடுங்க, அப்புறம் அட்மின்ல லாகின் பண்ணி சிஸ்டம் மெனுல மெயின்டெனன்ஸ்ங்கற பகுதிக்குக் கீழ டேட்டாபேஸ்னு இருக்கும், அதுல ஜூம்லாவைத் தேர்ந்தெடுத்து அப்டேட் ஸ்ட்ரக்சர் அமுக்குங்க. ஃபைல் எல்லாம் புதுசு, டேட்டாபேஸ் மட்டும் பழசுங்கற நிலைமைல இருக்கற சைட்டுக்கு இதுதான் மருந்து. அன்னோன் காலம்னு, அதாவது டேபிள்ல அப்படி ஒரு பத்தியே இல்லன்னு, டேட்டாபேஸ் எரர் வந்தாலும் அநேகமா இதே கதைதான்.

வெள்ளை ஸ்க்ரீன், 500 எரர்

இதுக்குத்தான் நிறைய பேரு பயப்படுறாங்க, உண்மைல இதுதான் சுலபமானது, ஏன்னா ஆதாரம் கைல கிடைக்கும்.

முதல்ல எரரைப் பேச வைங்க. அட்மின் திறக்குதுன்னா குளோபல் கான்ஃபிகரேஷன்ல சர்வர் டேப்ல எரர் ரிப்போர்ட்டிங்கை மேக்ஸிமம்னு வைங்க, சிஸ்டம் டேப்ல டீபக்கை ஆன் பண்ணுங்க. அட்மினே திறக்கலன்னா கான்ஃபிகரேஷன்.பிஎச்பியை ஃபைல் மேனேஜர்ல எடிட் பண்ணி அதே ரெண்டு வரியையும் மாத்துங்க, எரர் ரிப்போர்ட்டிங்குக்கு மேக்ஸிமம், டீபக்குக்கு ட்ரூ. சேவ் ஆகலன்னா ஃபைலோட பெர்மிஷன் 444-ல இருக்கும், 644 ஆக்கிட்டு எடிட் பண்ணுங்க, முடிச்சதும் திருப்பி வெச்சுடுங்க.

இப்போ பக்கத்தை ரீலோட் பண்ணினா ஒரு நீள அட்டவணை வரும், கால் ஸ்டாக்னு சொல்வாங்க. பாத்ததும் மயக்கம் வரும், ஆனா எல்லாத்தையும் படிக்க வேண்டாம். ஒவ்வொரு வரியோட கடைசிலயும் ஒரு ஃபைல் பாதை இருக்கும், ஜேரூட்னு ஆரம்பிக்கும். மேலேர்ந்து கீழ இறங்கிட்டே வாங்க, லைப்ரரீஸ் ஃபோல்டரைக் காட்டுற வரியை எல்லாம் தாண்டிடுங்க, அது ஜூம்லாவோட சொந்த இடம். லைப்ரரீஸ் இல்லாம முதல்ல எந்த ஃபோல்டர் வருதோ அங்க நில்லுங்க, அனேகமா அதான் ஆளு.

உதாரணத்துக்கு, ஜேரிக்வஸ்ட்ங்கற கிளாஸ் கிடைக்கலன்னு எரர், பாதைல ப்ளகின்ஸ், அதுக்குள்ள சிஸ்டம், அதுக்குள்ள ஏதோ ஒரு பேரு, லைன் 42-ன்னு வருதுன்னு வைங்க. ஜேரிக்வஸ்ட்ங்கறது ரொம்பப் பழைய காலத்துக் கிளாஸ், 4-ல அதைத் தூக்கிட்டாங்க. அப்போ அந்த ப்ளகினை எழுதினவர் வருஷக்கணக்கா அதைத் தொடலன்னு இந்த ஒரு வரிலயே தெரிஞ்சு போச்சு. ஃபைல் மேனேஜர்ல அந்த ப்ளகினோட ஃபோல்டர் பேருக்கு முன்னால ஒரு எக்ஸ் போட்டு மாத்துங்க, சைட் எழுந்திரிக்கும். அப்புறம் அட்மின்ல போய் முறையா டிசேபிள் பண்ணுங்க. ஃபோல்டரைத் தொட மனசு வரலன்னா பிஎச்பிமைஅட்மின்ல எக்ஸ்டென்ஷன்ஸ்னு முடியற டேபிளைத் திறந்து அந்த ப்ளகினோட எனேபிள்ட்ங்கற பத்தியில 1-ஐ 0 ஆக்கினாலும் அதே வேலைதான்.

ஃபோல்டரை வெச்சே நோயோட அளவையும் சொல்லிடலாம். சிஸ்டம் ப்ளகின் உடைஞ்சா முன்பக்கம் (வர்றவங்க பாக்கற சைட்), அட்மின் ரெண்டும் சேந்து படுக்கும். அட்மின் நல்லா ஓடுது, முன்பக்கம் மட்டும் எந்தப் பக்கம் போனாலும் எரர்னா டெம்ப்ளேட்டோட இண்டெக்ஸ் ஃபைலா இருக்கும், இல்லாட்டி எல்லாப் பக்கத்துலயும் வர்ற மாட்யூல். குறிப்பிட்ட சில பக்கம் மட்டும்னா அந்தப் பக்கத்து மாட்யூல், இல்ல காம்போனென்ட். முன்பக்கம் முழுக்க எரரா இருக்கறப்போ சட்டுன்னு பிரிச்சுப் பாக்க, ஜூம்லாவோட வர்ற கேசியோபியா டெம்ப்ளேட்டை டீஃபால்ட்டா வெச்சுப் பாருங்க, ஓடிடுச்சுன்னா குத்தவாளி உங்க டெம்ப்ளேட்தான்.

கிளாஸ் கிடைக்கலன்னு எரர் வருது ஆனா அந்த எக்ஸ்டென்ஷன் புதுசுதான், 4-க்குன்னே எழுதினதுதான்னா வேற விஷயம். அட்மினிஸ்ட்ரேட்டர் ஃபோல்டருக்குள்ள கேஷ்னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள ஆட்டோலோட்னு ஆரம்பிச்சு பிஎஸ்ஆர்4-னு முடியற ஒரு பிஎச்பி ஃபைல் இருக்கும், எந்தக் கிளாஸ் எங்க இருக்குன்னு ஜூம்லா அதுலதான் எழுதி வெச்சுக்கும். அது பழசாயிட்டா இந்த எரர் வரும். தைரியமா டெலீட் பண்ணுங்க, அதுவே புதுசா எழுதிக்கும். அப்பவும் பழைய எரரே வந்துட்டிருந்தா சர்வரோட ஓபிகேஷ் (பிஎச்பி கோடை நினைவுல வெச்சுக்கற கேஷ்) பழைய கோடையே பிடிச்சு வெச்சிருக்கும், சிபேனல்ல பிஎச்பி வெர்ஷனை ஒண்ணு மாத்திட்டு திருப்பிப் போட்டா பல இடத்துல விட்டுடும்.

அப்புறம் அட்மின் பக்கம் கோணல்மாணலா, ஸ்டைலே இல்லாமத் தெரிஞ்சா அது எரரே இல்ல, ப்ரவுசர் கேஷ். இன்காக்னிட்டோல திறந்து பாருங்க.

டெம்ப்ளேட்

3-ல ப்ரோட்டோஸ்டார், பீஸ்3 ரெண்டும் ஜூம்லா கூடவே வந்தது, 4-ல ரெண்டும் கிடையாது, கேசியோபியாதான். அதனால ப்ரோட்டோஸ்டாரை அப்படியே வெச்சிருந்தவங்களுக்கு எரர் வராது ஆனா பக்கத்துல பாதி காணாமப் போயிருக்கும். மாட்யூல் எதுவும் அழியல, அது உக்காந்திருந்த பொசிஷனோட பேருதான் மாறிடுச்சு. ப்ரோட்டோஸ்டார்ல வலதுபக்கம் பொசிஷன்-7, இங்க சைட்பார்-ரைட், மெனு பொசிஷன்-1, இங்க வெறும் மெனு. மாட்யூல் பட்டியல்ல போய் ஒவ்வொண்ணுக்கும் புதுப் பொசிஷன் குடுத்தா திரும்ப வந்துடும்.

ப்ரோட்டோஸ்டாரைக் காப்பி எடுத்து வேற பேரு வெச்சு மாத்தி எழுதினவங்களுக்குத்தான் கஷ்டம். பக்கத்தோட வடிவத்துக்கு 3-ல இருந்தது பூட்ஸ்ட்ராப் 2, 4-ல பூட்ஸ்ட்ராப் 5, மூடூல்ஸ்ங்கற ஜாவாஸ்க்ரிப்ட் லைப்ரரி மொத்தமா போயாச்சு, ஜேக்வெரிங்கற இன்னொண்ணும் கூப்பிட்டாத்தான் வரும். அதைத் தட்டிக்கொட்டி ஓட வெக்கலாம், ஆனா என் அபிப்பிராயம், வேண்டாம். அதுக்குச் செலவழிக்கற நேரத்துல கேசியோபியாவுக்கு ஒரு சைல்ட் டெம்ப்ளேட் (மூல டெம்ப்ளேட்டைத் தொடாம அது மேல மாத்தம் பண்ற டெம்ப்ளேட்) போட்டு யூசர்.சிஎஸ்எஸ் ஃபைல்ல உங்க கலரு, ஃபாண்ட் எல்லாம் எழுதிடலாம், அடுத்த அப்கிரேட்லயும் அது தாங்கும்.

காசு குடுத்து வாங்கின டெம்ப்ளேட்டுக்கு 4 வெர்ஷன் வந்திருந்தா அதை ஏத்துங்க, ஏத்தியும் ஒரு சில பக்கம் மட்டும் உடைஞ்சா டெம்ப்ளேட்டுக்குள்ள இருக்கற எச்டிஎம்எல் ஃபோல்டரைப் பாருங்க. ஓவர்ரைடு (ஜூம்லாவோட சொந்த வடிவத்துக்குப் பதிலா வர்ற ஃபைல்) எல்லாம் அங்கதான் இருக்கும், முன்னாடி யாரோ எழுதி வெச்சுட்டுப் போனது. அந்த ஃபோல்டர் பேரையே மாத்திப் பாருங்க, பக்கம் ஓடிடுச்சுன்னா உள்ள இருக்கறதை ஒண்ணொண்ணா திருப்பி வெச்சு எது கடிக்குதுன்னு கண்டுபிடிச்சுடலாம்.

டேட்டாபேஸும் தமிழும்

4-லேர்ந்து ஜூம்லா டேட்டாபேஸ் கிட்ட கறாரா நடந்துக்கும். முன்னாடி தேதி இல்லாத இடத்துல எல்லாம் பூஜ்யமா போட்டு வெச்சிருப்பாங்க, வருஷம் 0000, மாசம் 00-ன்னு, இப்போ கோர் டேபிள்ல எல்லாம் அதை மாத்திட்டாங்க. ஆனா மூணாவது ஆள் எழுதின எக்ஸ்டென்ஷனோட டேபிள் பழசாவே இருக்கும், ஏதாவது சேவ் பண்ணப் போனா இந்த ஃபீல்டுக்கு டீஃபால்ட் வேல்யூ இல்லன்னு எரர் வரும். பக்கம் நல்லா தெரியுது, சேவ் மட்டும் ஆகலன்னா இதை நினைச்சுக்கங்க. அந்த எக்ஸ்டென்ஷனோட புது வெர்ஷனை ஏத்தறதுதான் சரியான வழி, டேபிளை நீங்களே திருத்தப் போகாதீங்க.

தமிழ் சைட் வெச்சிருக்கறவங்க பேக்கப்பை விரிச்சதும் முதல்ல ஒரு கட்டுரையைத் திறந்து எழுத்து சரியா இருக்கான்னு பாத்துடணும். உடைஞ்சிருந்தா எப்படி உடைஞ்சிருக்குன்னு பாருங்க, ரெண்டு விதம் உண்டு. மேல சாய்கோடு போட்ட ஆங்கில ஏ எழுத்தும் வட்டத்துக்குள்ள ஆர் போட்ட குறியும் மாறி மாறி வந்தா பயப்படாதீங்க, எழுத்தெல்லாம் பத்திரமா இருக்கு, யூடிஎஃப்-8-ல இருக்கறதை லேட்டின்னு நினைச்சுப் படிச்சிருக்கு, அவ்வளவுதான். நம்ம எழுத்து ஒவ்வொண்ணும் அதுல மூணு பைட், அதுல முதல் ரெண்டும் பெரும்பாலும் ஒண்ணாவே இருக்கும், அதான் ஒரே ஜோடி திரும்பத் திரும்ப வருது. புது டேட்டாபேஸை யூடிஎஃப்8எம்பி4-ல உண்டாக்கி, இம்போர்ட் பண்றப்போ கேரக்டர் செட்டை யூடிஎஃப்-8-னு குடுத்து திரும்ப விரிங்க. வெறும் கேள்விக்குறியா வரிசையா நின்னா, அங்க எழுத்தே போயாச்சு, அந்தக் காப்பியைத் தூக்கிப் போட்டுட்டு லைவ்லேர்ந்து புதுசா எடுக்கணும். காப்பியில பண்ணுங்கன்னு அவ்வளவு சொன்னது இதுக்கும்தான்.

4-லேர்ந்து 5

3-லேர்ந்து 4-க்கு வந்தவங்களுக்கு இது ஒண்ணுமே இல்ல. 5.0 வெளிவந்தது 2023 அக்டோபர்ல, அதுலேர்ந்து பழைய கிளாஸ் பேரை எல்லாம் தாங்கிப் பிடிக்க பேக்வர்ட் கம்பேடிபிலிட்டின்னு ஒரு ப்ளகின் கூடவே வருது, அப்கிரேட் பண்ணினா அதுவே ஆன்ல இருக்கும். அதனாலதான் பல எக்ஸ்டென்ஷன் 5-லயும் ஓடுது. 6-க்குப் போற எண்ணம் இருந்தா காப்பி சைட்ல அதை ஆஃப் பண்ணிட்டு எல்லாப் பக்கத்தையும் ஒரு சுத்து சுத்தி வாங்க, எது உடையுதோ அதுதான் அடுத்து மாத்த வேண்டிய எக்ஸ்டென்ஷன். பாத்துட்டு திரும்ப ஆன் பண்ணிடுங்க.

லைவுக்குக் கொண்டு போறப்போ

காப்பியில என்னென்ன பண்ணினீங்களோ அதை வரிசையா ஒரு நோட்ல எழுதி வெச்சிருந்தா லைவ்லயும் அதே வரிசைல பண்றது ஒரு மணி நேர வேலை. கூட்டம் இல்லாத நேரமாப் பாத்து சைட்டை ஆஃப்லைன் போட்டு, புதுசா ஒரு பேக்கப் எடுத்துட்டு ஆரம்பிங்க. காப்பியையே லைவ் ஆக்கிடலாம்னா ஆக்கலாம், ஆனா நடுவுல லைவ்ல வந்த கமென்ட், ஆர்டர், புது உறுப்பினர் எல்லாம் போயிடும், கடை வெச்சிருக்கற சைட்டுக்கு அது சரிப்படாது.

கடைசியா யூஆர்எல். 3-ல லெகஸி ரூட்டிங்ல (பக்க முகவரியை உண்டாக்கற பழைய முறை) ஓடிட்டு இருந்த சைட்டா இருந்தா 4-ல மாடர்ன் ரூட்டிங்தான், சில கட்டுரைகளோட முகவரி மாறிடும், கூகுள்லேர்ந்து வர்றவங்க 404-ல போய் முட்டுவாங்க. சிஸ்டம் - ரீடைரக்ட் ப்ளகினை ஆன் பண்ணி, அதோட செட்டிங்ல யூஆர்எல் சேகரிக்கறதையும் ஆன் பண்ணுங்க. ரெண்டு மூணு நாள் கழிச்சு ரீடைரக்ட்ஸ் காம்போனென்டைத் திறந்தா யார் யார் எந்தப் பழைய முகவரில வந்து முட்டினாங்கன்னு ஹிட் எண்ணிக்கையோட பட்டியல் இருக்கும். அதிக ஹிட் இருக்கறதுலேர்ந்து ஆரம்பிச்சு புது முகவரியைக் குடுத்துட்டே வாங்க, நடுநடுவுல வேர்ட்பிரஸ் லாகின் பக்கத்தைத் தேடி வந்த தானியங்கி ரோபோ புரோகிராமுங்களும் இருக்கும், அதெல்லாம் விட்டுடுங்க. எரர் ரிப்போர்ட்டிங்கையும் டீபக்கையும் பழையபடி ஆஃப் பண்ணிட்டு, சர்வர்ல கிக்ஸ்டார்ட் ஃபைலோ பேக்கப் ஃபைலோ மிச்சம் இருந்தா அழிச்சுடுங்க, காப்பி சப்டொமைனை மட்டும் ஒரு மாசம் வெச்சிருந்து அப்புறம் எடுங்க.